அந்தப் பதிவேட்டை எழுதியது யார்?

இந்த எபிசோடை ஒரு ஒப்புதலோடு ஆரம்பிக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், ஒரு கிளையண்டுக்காக பதிவுப் படிவம் ஒன்று செய்து கொடுத்தேன். பெயர், பிறந்த தேதி, பாலினம். பாலினத்துக்கு இரண்டு பட்டன்: ஆண், பெண். லைவ் போன சில வாரத்தில் சப்போர்ட் டீமிலிருந்து ஒரு டிக்கெட். "இரண்டுமே எனக்குப் பொருந்தாது என்று ஒரு பயனர் சொல்கிறார். எதையாவது தேர்வு செய்யாமல் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டேங்குது." நான் என்ன பண்ணேன் தெரியுமா? "டேட்டாபேஸில் இடமில்லை, பிறகு பார்க்கலாம்" என்று எழுதி டிக்கெட்டை மூடிட்டேன். அது பொய். இடம் இருந்தது. மூன்றாவதாக ஒரு மதிப்பைச் சேர்க்க, டெஸ்டிங் எல்லாம் சேர்த்து அரை நாள் வேலை. எனக்கு வெள்ளிக்கிழமை ஊருக்கு பஸ் இருந்தது.

அந்த டிக்கெட் இப்போ ஏன் ஞாபகம் வந்ததுன்னா, சில மாசம் முன்னாடி நண்பர்களோட ஒரு டீக்கடை விவாதம். "நான் பெண்ணுன்னு ஒருத்தர் சொன்னா அரசாங்கம் அப்படியே ஏத்துக்கணுமா? செக் பண்ண வேண்டாமா?" என்று ஒரு நண்பன் கேட்டான். கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டான். என் முதல் ரியாக்‌ஷனும் அதுதான். எந்த இன்புட்டையும் நம்பாதே என்பதுதானே நம்ம தொழிலோட முதல் பாடம்! ஆனா வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பிச்சப்போ ஒண்ணு புரிஞ்சது. இந்த நாட்டில் அரசாங்கம் "செக் பண்ண" ஆரம்பித்து 150 வருஷத்துக்கு மேல ஆச்சு.

குற்றப் பரம்பரைச் சட்டம்னு சொன்னா, மதுரைப் பக்கத்துக்காரங்களுக்கு உடனே பெருங்காமநல்லூர் ஞாபகம் வரும். 1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில், கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள்மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். ரேகைச் சட்டம் என்றே ஊரில் சொல்வார்கள். அங்கே நடைமுறையில் இருந்தது 1911-ல் வந்த சட்டம். அதற்கு மூலம் 1871-ல் வந்த 27-ம் சட்டம். பிறந்த சாதியை வைத்தே ஒருத்தரைக் குற்றவாளி என்று பதிவேட்டில் எழுதலாம் என்று சொன்ன சட்டம். இதுவரைக்கும் நம்ம எல்லாருக்கும் ஓரளவு தெரியும்.

தெரியாதது என்னன்னா, அந்த 1871 சட்டத்துக்கு இரண்டு பகுதி உண்டு. முதல் பகுதி சாதிகள், பழங்குடிகள். இரண்டாம் பகுதியின் தலைப்பு ஒரே சொல்: 'யூனக்ஸ்'. அந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் முன்பு புழங்கிய சொற்களை நான் இங்கே சொல்லப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். வட இந்தியாவின் ஹிஜ்ரா சமூகத்தைக் குறிவைத்து எழுதப்பட்ட பகுதி அது. வடமேற்கு மாகாணங்கள், அவத், பஞ்சாப் ஆகிய இடங்களில் அமலுக்கு வந்தது. சென்னை மாகாணத்துக்கு வரவில்லை.

அந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். எனக்கு அது ஒரு ஸ்பெக் டாக்குமெண்ட் மாதிரித்தான் தெரிந்தது.

முதலில் வரையறை. யார் 'யூனக்'? ஆண்மையில்லை என்று தானே ஒப்புக்கொள்பவர், அல்லது மருத்துவப் பரிசோதனையில் அப்படித் தெளிவாகத் தெரிபவர். இந்த 'மருத்துவப் பரிசோதனை' என்ற வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வரும்.

அடுத்து பதிவேடு. குழந்தைகளைக் கடத்துகிறார்கள், காயடிக்கிறார்கள், அல்லது 377-வது பிரிவுக் குற்றம் செய்கிறார்கள் என்று 'நியாயமான சந்தேகம்' இருப்பவர்களின் பெயரையும் முகவரியையும் அதிகாரி எழுதி வைக்க வேண்டும். தீர்ப்பு தேவையில்லை, குற்றச்சாட்டுகூட தேவையில்லை, சந்தேகம் போதும். பெயர் தப்பாக ஏறிவிட்டால்? புகார் செய்யலாம். யாரிடம்? பதிவேட்டை வைத்திருக்கும் அதே அதிகாரியிடம்.

பெயர் ஏறியபின் என்ன ஆகும்? பெண் உடையோ நகையோ போட்டுக்கொண்டு பொதுத் தெருவில் நின்றால் வாரண்ட் இல்லாமல் கைது. தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, பார்க்கட்டும் என்றே வேறு இடத்தில் நின்றாலும் அதேதான். தெருவிலோ கூலிக்கோ ஆடினாலும் பாடினாலும் அதேதான். தண்டனை 2 வருஷம் வரை சிறை. 16 வயதுக்குக் கீழே ஒரு பையனை வீட்டில் வைத்திருந்தாலும் 2 வருஷம். ஆடுவதும் பாடுவதும், குழந்தை பிறந்த வீட்டுக்குப் போய் வாழ்த்திக் காசு வாங்குவதும்தான் அவர்களுடைய பிழைப்பு. அதைத்தான் நேராக அடித்தார்கள்.

ஆனா என்னை நிறுத்தி வைத்தது இன்னொரு பிரிவு. பதிவேட்டில் இருப்பவர் உயில் எழுத முடியாது, தானம் கொடுக்க முடியாது, தத்து எடுக்க முடியாது, எந்தக் குழந்தைக்கும் காப்பாளராக இருக்க முடியாது. முதல் தடவை படிக்கும்போது இது ஏதோ கிளைவிதி மாதிரித் தெரிந்தது. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பெற்ற குடும்பம் துரத்திவிட்ட பிறகு, குருவும் சேலாவும்தான் அவர்களுக்குக் குடும்பம். நம்ம ஊர் ஜமாத்தில் 'அம்மா', 'மகள்' என்று சொல்கிற அதே உறவு. குரு இறந்தால் வீடும் சாமானும் சேலாவுக்குப் போகும். உயிலையும் தத்தையும் தடுத்தால் அடுத்த தலைமுறைக்கு வாரிசே இல்லை, சொத்து இல்லை, வீடு இல்லை. யாரையும் கொல்லத் தேவையில்லை, அந்தச் சமூகம் தானே தேய்ந்து போகும். இது என் ஊகம் இல்லை. இந்தச் சமூகம் மெல்ல மெல்ல அழிந்து போக வேண்டும் என்பதுதான் நோக்கம் என்று மாகாண அதிகாரிகள் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். வரலாற்றாசிரியர் ஜெசிகா ஹின்ச்சி 2019-ல் வெளியிட்ட நூலில் இந்த ஆவணங்களை விரிவாகப் பார்க்கலாம்.

இந்த பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் அவர் தேடியிருக்கிறார். 1852-ல் மைன்புரியில் பூரா என்ற ஹிஜ்ரா கொலை செய்யப்பட்டார். அவரோடு வாழ்ந்துவந்த ஆண்தான் கொலையாளி என்று தீர்ப்பாச்சு. வழக்கு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பிரிட்டிஷ் நீதிபதிகளின் கவனம் கொலைகாரனை விட்டுவிட்டு, கொலையானவரின் சமூகத்தின் பக்கம் திரும்பியது. இப்படி ஒரு கூட்டம் நம் ஆட்சியில் இருக்கலாமா என்பது கேள்வியாகிவிட்டது. ஒரு கொலை நடந்தால் செத்தவரின் நடத்தையை விசாரிக்கிற வழக்கம் இன்றைய டிவி விவாதத்தில் பிறந்தது இல்லை.

1884-ல் கைராத்தி என்பவரின் வழக்கு. மொராதாபாத் பக்கம் பெண் உடையில் பாடிக்கொண்டிருந்தவரைப் பிடித்து, மருத்துவப் பரிசோதனை செய்து, 377-ல் வழக்குப் போட்டார்கள். செஷன்ஸ் கோர்ட் தண்டனை கொடுத்தது. எங்கே, எப்போது, யாரோடு குற்றம் நடந்தது என்று சொல்லவே இல்லையே என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. விடுதலை செய்த நீதிபதியும் போலீஸின் நோக்கத்தைப் பாராட்டிவிட்டுத்தான் செய்தார்.

சின்ன இடைக்குறிப்பு. இந்தப் பதிவேட்டில் பெண்ணாகப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. திருநம்பிகள் சட்டத்தின் கண்ணுக்கே தெரியவில்லை. அது அதிர்ஷ்டம்தான். ஆனால் பின்னால் நலத்திட்டங்கள் வந்தபோதும் அவர்கள் ரொம்ப நாள் கண்ணுக்குத் தெரியாமலே இருந்தார்கள்.

சரி, பழைய கதை, வெள்ளைக்காரன் போய்விட்டான், 1952-ல் குற்றப் பரம்பரைச் சட்டமே நாடு முழுக்கப் போய்விட்டது. அப்படித்தானே? என் மாதிரி ஆட்களுக்கு ஒரு வார்த்தை உண்டு: லெகசி கோட். பழைய சிஸ்டத்தை மூடிவிட்டோம் என்று நினைப்போம். ஆனால் யாரோ அதிலிருந்து நாலு வரியை எப்பவோ காப்பி பண்ணி வேற எங்கயோ ஒட்டியிருப்பார்கள்.

முதல் காப்பி ஹைதராபாத். நிஜாம் அரசு 1919-ல் இதே மாதிரி ஒரு சட்டம் கொண்டுவந்தது. பதிவேடு, பெண் உடைக்குத் தண்டனை, வாரண்ட் இல்லாக் கைது. நிஜாம் போனார், ஆந்திரா வந்தது, தெலங்கானா பிரிந்தது, ஹைடெக் சிட்டி எழும்பியது, சட்டம் மட்டும் புத்தகத்திலேயே இருந்தது. தெலங்கானா உயர் நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு விரோதமானது என்று ரத்து செய்தது 2023 ஜூலையில். ஆமாம், 2023.

இரண்டாவது காப்பி இன்னும் நெருக்கம். 2011-ல் கர்நாடக போலீஸ் சட்டத்தில் 36ஏ என்று ஒரு புதுப் பிரிவு சேர்த்தார்கள். சிறுவர்களைக் கடத்துவதாக, காயடிப்பதாக, இயற்கைக்கு மாறான குற்றம் செய்வதாக 'நியாயமான சந்தேகம்' உள்ள 'யூனக்'குகளின் பெயரும் முகவரியும் கொண்ட பதிவேட்டைத் தயாரிக்கலாம் என்றது. 1871-ன் வாக்கியம், 140 வருஷம் கழித்து, பெங்களூர் விதான சௌதாவிலிருந்து. வழக்குப் போட்டார்கள். 2016-ல் திருத்தம் வந்தது. என்ன திருத்தம்? 'யூனக்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'நபர்' என்று போட்டார்கள். ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ்! பிரிவு அங்கேயே இருந்தது. அதே கர்நாடகம்தான் 2021-ல் மாநில அரசு வேலைகளில் திருநர்களுக்கு 1 சதவீதம் கிடைமட்ட இடஒதுக்கீடு கொடுத்த முதல் மாநிலம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே அரசுக்குள் இரண்டும் இருக்க முடிந்திருக்கிறது.

இப்போ நம்ம பக்கம் வருவோம். 2008 ஏப்ரல் 15-ல் தமிழ்நாடு அரசு அரவாணிகள் நல வாரியம் அமைத்தது. நாட்டிலேயே முதல். கூவாகத்து அரவானிலிருந்து வந்த பெயர் அரவாணி. பிறகு 'திருநங்கை' என்ற சொல் அரசு ஆவணத்திலும் பேப்பரிலும் நிலைத்தது, அதில் கலைஞருக்குப் பெரிய பங்கு உண்டு. ரேஷன் கார்டில் மூன்றாம் பாலினம், அரசு மருத்துவமனையில் இலவச அறுவை சிகிச்சை என்று அடுத்தடுத்து வந்தன. அதே வருஷம் விஜய் டிவியில் 'இப்படிக்கு ரோஸ்' ஓடிக்கொண்டிருந்தது. எங்க வீட்டில் அம்மா அதை விடாமல் பார்ப்பார், நான் ஸ்கூல் பையன், சங்கடத்தோடு சேனல் மாற்றச் சொல்வேன். ரோஸும் என்ஜினியரிங் படித்தவர் என்பது எனக்கு ரொம்ப பிறகுதான் தெரியும்.

இதுவும் பதிவேடுதான். ஆனால் இங்கே பெயர் ஏறினால் அட்டை கிடைக்கும், வீட்டு மனை கேட்கலாம், கடன் கேட்கலாம். அதே நோட்டு, வேற கை. அதனால்தான் நான் 'பதிவு என்றாலே கெட்டது' என்று சொல்ல வரவில்லை. பதிவில் இல்லாதவருக்கு ரேஷன் அரிசி கிடையாது. ஆனா பலன் என்று ஒன்று வந்தவுடனே, கூடவே அந்தக் கேள்வியும் வந்துவிடும்: நீ நிஜமாகவே அவள்தானா, எப்படி நம்புவது? பொய் சொல்லி யாராவது வாரிக்கொண்டு போய்விடக்கூடாது என்ற பயம் சமூகத்துக்குள்ளேயே சிலருக்கு உண்டு.

எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதல்முறையாக மூன்றாவதாக ஒரு எண் வைத்தார்கள், 'பிற'. நாடு முழுக்க 4,87,803 பேர், தமிழ்நாட்டில் 22,364. எல்லாரும் மேற்கோள் காட்டுகிற எண் இது. அதற்குள்ளே 54,854 பேர் 6 வயது வரையிலான குழந்தைகள். அந்தக் குழந்தைகள் சார்பாக யார் பதில் சொன்னார்கள், எதை வைத்துச் சொன்னார்கள்? அதே சமயம், வீட்டில் யாருக்கும் சொல்லாத 20 வயசுக்காரரைக் குடும்பத் தலைவர் எந்தக் கட்டத்தில் போட்டிருப்பார்? டேட்டாவோடு வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த எண்ணை வைத்து பட்ஜெட் போடாதீர்கள்.

2014 ஏப்ரல் 15. நம்ம வாரியம் அமைத்த அதே தேதி, தற்செயல்தான். தேசிய சட்டப் பணிகள் ஆணையம் போட்ட வழக்கில், சுருக்கமா நால்சா வழக்கு, நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் ஏ.கே. சிக்ரியும் தீர்ப்புச் சொன்னார்கள். தன் பாலினம் எது என்று முடிவு செய்யும் உரிமை அந்த நபருக்கே. அறுவை சிகிச்சை செய்தால்தான் ஏற்போம் என்று கேட்பது சட்டவிரோதம். சமூகரீதியாகவும் கல்வியிலும் பின்தங்கியவர்களாகக் கருதி இடஒதுக்கீடு கொடுங்கள். தீர்ப்பில் 1871 சட்டத்தையும் கைராத்தி வழக்கையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள்.

தீர்ப்பு வந்த அடுத்த வருஷமே அது படிவத்தில் எங்கே முட்டியது பாருங்கள். சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி, கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் படித்தவர், எஸ்.ஐ. வேலைக்கு விண்ணப்பித்தார். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நிராகரித்தது. சான்றிதழில் பழைய பெயர், விண்ணப்பத்தில் இரண்டே பாலினம். ஒவ்வொரு கட்டத்துக்கும் கோர்ட்டுக்குப் போய், 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வாங்கி, 2017-ல் தருமபுரியில் எஸ்.ஐ. ஆனார். ஒரு கட்டத்துக்காக ஒருத்தர் இத்தனை தடவை ஹைகோர்ட் ஏற வேண்டியிருந்தது. இந்த இடத்தைப் படிக்கும்போதுதான் என் டிக்கெட் ஞாபகம் வந்தது. அந்தப் பயனர் என்ன செய்திருப்பார்? பொய்யாக ஒரு பட்டனை அழுத்தியிருப்பார், இல்லை விட்டுவிட்டுப் போயிருப்பார்.

நாடாளுமன்றக் கதையிலும் ஒரு தமிழர் இருக்கிறார். திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24-ல் மாநிலங்களவையில் நிறைவேறியது. தனிநபர் மசோதா ஒரு அவையில் நிறைவேறியே பல பத்தாண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. ஆனால் மக்களவையில் நிறைவேறவே இல்லை. அதற்குப் பதிலாக 2016-ல் மத்திய அரசே தன் மசோதாவைக் கொண்டுவந்தது. அதில் மாவட்டத்துக்கு ஒரு ஸ்க்ரீனிங் கமிட்டி: தலைமை மருத்துவ அதிகாரி, உளவியல் நிபுணர் எல்லாரும் உட்கார்ந்து ஒருத்தர் திருநரா இல்லையா என்று பார்த்துச் சொல்வார்கள். நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த மருத்துவப் பரிசோதனை, அதுதான் வேறு மேசையில் வந்து உட்கார்ந்தது.

தெருவில் இறங்கிப் போராடினார்கள், நிலைக்குழு விமர்சித்தது. 2019-ல் சட்டமானபோது அந்தக் கமிட்டி போயிருந்தது, பிச்சை எடுக்க வைப்பதைக் குற்றமாக்கிய பிரிவும் போயிருந்தது. மிச்சம் என்ன? நான்காம் பிரிவு, தானே உணரும் பாலின அடையாளத்துக்கு உரிமை உண்டு என்றது. அடுத்த பிரிவு, சான்றிதழுக்குக் கலெக்டரிடம் விண்ணப்பம் போடு என்றது. 'திருநர்' என்ற சான்றுக்கு 2020 விதிகளின்படி உறுதிமொழிப் பத்திரம் போதுமானதாக இருந்தது, உடல் பரிசோதனை இருக்கவில்லை. ஆனால் 'ஆண்' என்றோ 'பெண்' என்றோ மாற்ற வேண்டுமானால் அறுவை சிகிச்சை செய்து, மருத்துவமனையின் கடிதத்தோடு மறுபடி கலெக்டரிடம் போக வேண்டியிருந்தது. நால்சா தீர்ப்பு வேண்டாம் என்றதை, சட்டம் இரண்டாவது வாசல் வழியாக உள்ளே விட்டது. என் வாசிப்பில் அப்படித்தான் தெரிகிறது.

தண்டனைப் பிரிவையும் ஒரு தடவை பாருங்கள். 2019-ல் வந்த சட்டத்தில், திருநர் ஒருவரை உடல்ரீதியாக, பாலியல்ரீதியாகத் துன்புறுத்தினால் 6 மாதத்திலிருந்து 2 வருஷம் வரை என்றிருந்தது. பெண்ணை வல்லுறவு செய்தால் குறைந்தபட்சமே 10 வருஷம். 1871-ல் சேலை கட்டித் தெருவில் நின்றதற்கான உச்சபட்சத் தண்டனை 2 வருஷம். 2019-ல் அவரைச் சீரழித்தவனுக்கு உச்சபட்சம் 2 வருஷம்.

இப்போ நண்பனின் கேள்விக்கு வர்றேன், ஏன்னா அது நியாயமான கேள்வி. செக் பண்ண வேண்டாமா? நான் அவனிடம் திருப்பிக் கேட்டது: எதை செக் பண்ணுவ? படிவத்தில் மதம் கேட்கிறோம், தாய்மொழி கேட்கிறோம். தாய்மொழி தமிழ் என்று எழுதினால் நாக்கை நீட்டச் சொல்லி யாரும் பார்ப்பதில்லை. சொன்னதை எழுதிக்கொள்கிறோம். பலன் ஏமாற்றப்பட்டால் அந்த ஏமாற்றைத் தண்டிக்க வழி இருக்கிறது. 150 வருஷமாக டாக்டரையும் போலீஸையும் கலெக்டரையும் வைத்துச் சோதித்துப் பார்த்ததில், பொய்யர்களைப் பிடித்ததைவிட உண்மையானவர்களை வாசலில் நிற்க வைத்ததுதான் அதிகம் என்பது என் முடிவு. விளையாட்டுப் போட்டி, சிறை மாதிரி இடங்களில் கேள்வி இதைவிடக் கடினம், அங்கே ஒரே பதில் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ரேஷன் கார்டுக்கும் வேலை விண்ணப்பத்துக்கும் அந்தக் கடினமான கேள்வியை இழுத்து வருவது சால்ஜாப்பு. நண்பன் முழுசா ஒத்துக்கலை. "யோசிக்கிறேன்டா"ன்னு சொன்னான். டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.

நேரம் ஆயிடுச்சு, ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு. தமிழ்நாட்டில் 2015-லிருந்து திருநங்கைகளை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தார்கள். கேட்க நல்லா இருக்கு. ஆனால் பட்டியல் சாதியில் பிறந்த ஒரு திருநங்கை என்ன செய்வார்? சாதியைச் சொன்னால் பாலினம் மறையும், பாலினத்தைச் சொன்னால் சாதி மறையும். மறுபடியும் இரண்டில் ஒன்றை அழுத்து என்கிற அதே பட்டன். அதனால்தான் தமிழ்நாட்டில் என்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கையான கிரேஸ் பானுவும் அவரைப் போன்றவர்களும், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று கேட்கிறார்கள். கிடைமட்ட ஒதுக்கீடு என்பது அதுதான். அது எப்படிக் கணக்குப் போடப்படுகிறது, ரோஸ்டர் எப்படி வேலை செய்கிறது என்பதற்குத் தனி எபிசோடு தேவை, அடுத்த வாரம் அதைத்தான் எடுக்கிறேன். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்தக் கட்டத்தில் மாட்டிய அனுபவம் உங்களுக்கு இருந்தால் குரல் பதிவாக அனுப்புங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை.